வன்னியில் லமினேற் கண்ணாடி செய்யப் போகிறவர் காற்றை எதனால் எடுப்பது?

கிளிநொச்சியில் அலுமினியம், கண்ணாடி வேலை செய்கிற தம்பி ஒருவர் போன மாதம் என்னைத் தேடி வந்தார். ஏ9 வீதியில் கடை வைத்திருக்கிறார். படிக்கட்டுக் கைபிடிக்கும் மேல்மாடி விறாந்தைக்கும் லமினேற் கண்ணாடி கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்களாம். ஒவ்வொரு முறையும் கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வர வேண்டும். அளவு ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால் திரும்பவும் அதே தூரம், அதே காத்திருப்பு. அதனால் தானே செய்யலாம் என்று யோசித்திருக்கிறார். கையில் மூன்று மெசின்களின் விலைத்தாள் இருந்தது. மூன்றும் காற்றை எடுக்கிற விதத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

"ரெண்டு கண்ணாடி, நடுவில ஒரு படலம். சூடாக்கி அமத்தினா ஒட்டுந்தானே அண்ணை? காத்தை எடுக்க மட்டும் ஏன் இவ்வளவு காசு?" என்று கேட்டார்.

வளைகுடாவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் லமினேற் பகுதியில் நின்றவன் நான். அவருக்கு அன்று பின்னேரம் முழுக்கச் சொன்னதை இன்னும் இரண்டு பேருக்காவது உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

லமினேற் கண்ணாடியின் பெறுமதியே அது உடைந்த பிறகுதான் தெரியும். 1903 இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் எடுவார் பெனடிக்டஸின் ஆய்வுகூடத்தில் கீழே விழுந்த குடுவை ஒன்று வெடித்தும் சிதறாமல் நின்றதாம். உள்ளே காய்ந்துபோயிருந்த செலுலோஸ் நைத்திரேற்றுப் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909 இல் அவர் அதற்குக் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கு நடுவில் வைப்பது பெரும்பாலும் பி.வி.பி அல்லது ஈ.வி.ஏ என்கிற பிளாஸ்ரிக் படலம். படலம் மாறினாலும் வேலை அதேதான்: கண்ணாடியின் ஒவ்வொரு இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காற்றுக் குமிழி இருக்கிற இடத்தில் பிடி இல்லை. விளிம்போரம் ஒரு குமிழி கிடந்தால் ஈரம் அதன் வழியே உள்ளே ஏறும், நாளடைவில் படலம் கழன்றுகொண்டே வரும்.

பி.வி.பி படலத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இராது, மெல்லிய மண்கடதாசி போல ஒரு சொரசொரப்பு இருக்கும். அது தெரிந்தே போட்டது. அந்த மேடுபள்ளங்களுக்கு நடுவே உள்ள வாய்க்கால்கள் வழியாகத்தான் காற்று வெளியே போக வேண்டும். படலம் சூடாகி இளகியதும் மேடுகள் தட்டையாகி வாய்க்கால் மூடிவிடும். மூட முதல் காற்று முழுவதும் போயிருக்க வேண்டும். நடுவில் காற்று கிடக்கையில் விளிம்பு முந்தி ஒட்டிவிட்டால் அந்தக் காற்றுக்குப் போக வழியே இல்லை. வயலில் நிற்கிற தண்ணீரை வடிக்கிற மாதிரித்தான். தண்ணீர் வெளியே போகிற வாயை முதல் அடைத்துவிட்டு நடுவில் நிற்கிற தண்ணீரை வடிக்க முடியுமா?

ஆகவே எந்த மெசினைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: வழியை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறது, எப்போது மூடுகிறது?

றோலர் வரிசையை எடுப்போம். பெரிய தொழிற்சாலைகளில் தட்டைக் கண்ணாடிக்கு இதுதான். இரண்டு கண்ணாடியையும் நடுவில் படலத்தையும் அடுக்கி, ஒரு சூட்டுக் கூண்டு வழியாக முதல் றப்பர் றோலருக்குள் அனுப்புவார்கள். அந்த இடத்தில் கண்ணாடியின் சூடு 35, 40 பாகை அளவில்தான் இருக்கும். றோலர் காற்றை முன்னிருந்து பின்னாகப் பிழிந்து தள்ளும். பிறகு இரண்டாவது கூண்டு. அதிலிருந்து 60, 70 பாகையில் வெளிவந்து இரண்டாவது றோலரில் விளிம்பு ஒட்டும். வெளியே வருகிற கண்ணாடி தெளிவாக இராது. நடுப்பகுதி பால் கலந்த தண்ணீர் போல மங்கலாகவும், ஓரம் மட்டும் விரற்கடை அகலத்தில் தெளிவாகவும் இருக்கும். அந்தத் தெளிந்த ஓரம் நான்கு பக்கமும் அறாமல் ஓடினால்தான் அன்றைய வேலை சரி. முதல் கூண்டில் சூடு கொஞ்சம் கூடிவிட்டால் ஓரம் முந்தி ஒட்டிவிடும், நடுவில் காற்று அகப்பட்டுவிடும். சூடு குறைந்தால் ஓரம் ஒட்டாது, அடுத்த கட்டத்தில் காற்று திரும்ப உள்ளே புகும்.

இதன் வேகத்துக்கு வேறெதுவும் கிட்ட வராது. 2 மீற்றர் அகலக் கண்ணாடி நிமிடத்துக்கு 3 மீற்றர் ஓடினால் நிமிடத்துக்கு 6 சதுர மீற்றர். ஆனால் றோலர் காற்றை முழுவதும் எடுப்பதில்லை. மிச்சம் இருப்பதை ஓட்டோகிளேவ் என்கிற அழுத்தக் கலன்தான் தீர்க்கும்: 12 முதல் 14 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம்), 135 முதல் 145 பாகை, ஏற்றி இறக்க நாலைந்து மணி நேரம். அந்த அழுத்தத்தில் மிச்சக் காற்று படலத்துக்குள்ளேயே கரைந்துவிடும். சோடாப் போத்தலுக்குள் வாயு கரைந்து நிற்கிறதே, அப்படித்தான். கண்ணாடி தெளிந்து வருவது அப்போதுதான். எனவே றோலர் வாங்கினால் ஓட்டோகிளேவும் வாங்கியே ஆக வேண்டும். அது சாதாரண சாமான் இல்லை. 13 பார் காற்று நிறைந்த ஒரு பெரிய உருளையின் கதவு பிழையாகத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவர் பிழைக்க மாட்டார். கதவுப் பூட்டு, பாதுகாப்பு வால்வு, வருடாந்தப் பரிசோதனை என்று அதற்கென ஒரு ஆளே தேவை.

றோலரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வளைந்த கண்ணாடி அதற்குள் போகாது. ரெம்பர் செய்த, அதாவது சூளையில் சூடாக்கிச் சட்டென்று ஆற்றிப் பலப்படுத்திய கண்ணாடியும் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும், சூளையின் உருளைகள் மேல் ஓடியதால் மெல்லிய அலை இருக்கும். இரண்டு அலையும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் றோலர் எவ்வளவு அமத்தினாலும் பள்ளத்தில் காற்று நிற்கும். 0.76 மில்லிமீற்றர்ப் படலத்துக்குப் பதில் 1.52 போட்டு அதை நிரப்பலாம், ஆனால் செலவு கூடும். நம்முடைய தம்பிக்கு வருகிற கேள்வியில் முக்கால்வாசி ரெம்பர் கண்ணாடிதான், கைபிடிக்கும் விறாந்தைக்கும்.

வெற்றிட வளையம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ஒரு றப்பர்க் குழாயை மாட்டி அதன் வழியே காற்றை உறிஞ்சுவது. வாகன முன்கண்ணாடி ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்கிறவர்களுக்கு அது அருமையான முறை. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி வளையம் வேண்டும், பிறகு அதற்கும் ஓட்டோகிளேவ் வேண்டும். ஒரு நாள் நாலடிக்கு ஆறடி, மறுநாள் இரண்டடிக்கு ஏழடி என்று வேலை வருகிற கடைக்கு அது சரிவராது.

வெற்றிடப் பைதான் நின்று பார்க்க வேண்டிய இடம். அடுக்கிய கண்ணாடியை ஒரு பைக்குள் வைத்து, ஓரத்தை மூடி, பம்பால் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்றே கண்ணாடியை அமத்தும். சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 தொன். 2 மீற்றருக்கு 1 மீற்றர்க் கண்ணாடி ஒன்றின் மேல் 20 தொன், அதாவது முந்நூறு நெல் மூட்டையின் பாரம். அதுவும் றோலர் போல ஒரு கோட்டில் இல்லாமல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழும். ரெம்பர் அலையானாலும் வளைவானாலும் அது பார்க்காது. பை ஒரு தடவை பாவித்து வீசும் நைலோன் தாளாகவும் இருக்கலாம், பல தடவை பாவிக்கிற சிலிக்கோன் பையாகவும் இருக்கலாம். நைலோன் பையை ஒட்டு நாடாவால் ஒவ்வொரு முறையும் கையால் மூட வேண்டும். அபூர்வமான வடிவங்களுக்கு அது நல்லது, தினசரி வேலைக்கு நேரம் தின்னும். சிலிக்கோன் பை நெடுநாள் உழைக்கும், ஆனால் கண்ணாடி விளிம்பைத் தீட்டாமல் வைத்தால் முதல் வாரத்திலேயே கீறிவிடும்.

சிலிக்கோன் பைகளைத் தட்டுத் தட்டாக உள்ளே அடுக்கி, சூட்டையும் பம்பையும் ஒரே பெட்டியில் சேர்த்ததுதான் ஈ.வி.ஏ போறணை. தம்பியின் மூன்றாவது விலைத்தாள் அதுதான். இதில் ஓட்டோகிளேவ் இல்லை. முதல் 20, 30 நிமிடம் சூடு போடாமல் வெறும் வெற்றிடம். பிறகு மெதுவாக 60, 80 பாகைக்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, அதற்குப் பிறகு 120 முதல் 135 பாகை. அந்தச் சூட்டில் ஈ.வி.ஏ உருகி, தன் சங்கிலிகளைத் தானே குறுக்கே கோத்துக்கொண்டு இறுகிவிடும். கடைசியில் வெற்றிடத்தை விடாமலே ஆறவிட வேண்டும்.

வசதி இருக்கிற இடத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. றோலர்காரர் விட்ட சின்னப் பிழையை ஓட்டோகிளேவ் மன்னித்துவிடும், 13 பார் அதைக் கரைத்துவிடும். போறணையில் அப்படி ஒரு இரண்டாம் வாய்ப்பு இல்லை. பம்ப் எடுக்காத காற்று உள்ளேயே நிற்கும், இன்றோ நாளையோ குமிழியாக வெளிப்படும்.

நான் வேலை செய்த இடத்தில் ஒரு றமழான் மாதம் வேலை குவிந்துவிட்டது. சூடு போடாமல் வெற்றிடம் பிடிக்கிற 25 நிமிடத்தை 8 நிமிடமாகக் குறைக்கச் சொன்னார்கள். நானும் குறைத்தேன். கண்ணாடி பளிங்கு போல வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது கிழமை ஒரு கட்டடத்தின் மேற்குப் பக்கத்து மேல்மாடியிலிருந்து படம் அனுப்பினார்கள். ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே, தோசையில் கண் விழுகிற மாதிரி வரிசையாகக் குமிழி. காற்று உள்ளே இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் படலத்துக்குள் ஒளிந்திருந்துவிட்டு, வெயில் சூட்டில் வெளியே வந்திருக்கிறது. நாற்பத்திரண்டு கண்ணாடியையும் கழற்றினோம். அந்த 17 நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வன்னி என்று வரும்போது விலைத்தாளில் இல்லாத நான்கு விஷயம் இருக்கிறது.

முதலாவது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த நிலை இல்லைத்தான். ஆனாலும் ஒரு மழைக்கு, ஒரு மரக்கொப்புக்கு அரை மணி நேரம் போகும். ஈ.வி.ஏ உருகி நிற்கையில் வெற்றிடம் போனால் ஓரத்தால் காற்று உள்ளே ஏறும், அந்தச் சுமை முழுவதும் குப்பை. சூடு போனால் பரவாயில்லை, பெட்டி மெதுவாகத்தான் ஆறும். வெற்றிடம் போகக் கூடாது. ஆகவே போறணை முழுவதுக்கும் பெரிய ஜெனரேற்றர் தேட வேண்டாம், பம்புக்கு மட்டும் ஒரு சின்ன ஜெனரேற்றர் போதும். பம்பின் மோட்டர் இரண்டு மூன்று கிலோவாட்டுக்குள்தான் இருக்கும். பையிலிருந்து பம்புக்குப் போகும் குழாயில் ஒரு திரும்பா வால்வு போட்டால், ஜெனரேற்றரை இழுத்துப் பற்றவைக்கிற நேரம் கிடைக்கும். சூட்டுக் கம்பிகளுக்கு மூன்று பேஸ் இணைப்பு எப்படியும் தேவை.

இரண்டாவது ஈரம். சோளகம் அடிக்கிற மாதங்களில் தூசி, வாடை திரும்பினால் ஈரம். பி.வி.பி இந்த ஈரத்தைப் பஞ்சு போல உறிஞ்சும். அதைச் சேமிக்கிற, அடுக்குகிற அறையில் ஈரப்பதன் 25 முதல் 30 சதவீதம் என்பார்கள். கார்த்திகை மாதம் கிளிநொச்சியில் அப்படி ஒரு அறையைப் பிடித்து வைத்திருப்பது, இரவும் பகலும் ஏசியும் ஈரம் உறிஞ்சும் மெசினும் ஓடுகிற செலவு. ஈ.வி.ஏ அவ்வளவு கண்டிப்புக் காட்டாது, அதனால்தான் எங்கள் பக்கத்துக்கு அதன் மேல் எனக்கு விருப்பம். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் செய்து 6 மாதம் அளவில். கப்பலில் வந்து, துறைமுகத்தில் கிடந்து, ஏ9 ஏறி வந்து சேரும்போது எத்தனை மாதம் மிச்சம் என்று உறையிலே பார்த்து வாங்க வேண்டும்.

ஈரம் கண்ணாடியோடு பைக்குள் போனால் பம்புக்கும் கேடு. 30 பாகை வெக்கையில் தண்ணீர் 42 மில்லிபாரிலேயே கொதிக்கத் தொடங்கும். பைக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் கிடந்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், வெற்றிடத்தை அளக்கிற மானியின் ஊசி ஒரு இடத்தில் வந்து நின்று அசையாது. பம்பின் எண்ணெய்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் நிற்கும். அந்த நிறம் கண்டால் அன்றே எண்ணெயை மாற்றுங்கள், மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

மூன்றாவது கழுவுகிற தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் உட்பக்கத்தைப் பார்த்தால் தெரியும், வெள்ளையாகக் கல் பிடித்திருக்கும். அதே கல் கண்ணாடியில் காய்ந்தால் படலம் கண்ணாடியில் பிடிக்காமல் அந்த உப்பில்தான் பிடிக்கும். குமிழி இல்லாமலே கழன்றுபோகும். அதனால் கடைசி அலசல் சுத்திகரித்த தண்ணீரில்தான். ஊர் ஊராகக் குடிதண்ணீருக்கு ஆர்.ஓ நிலையங்கள் இருக்கின்றன, தொடக்கத்துக்கு அங்கே கான் கானாக எடுத்தே சமாளிக்கலாம். வேலை கூடினால் சின்ன ஆர்.ஓ ஒன்றைச் சொந்தமாகப் போடலாம். நான்காவது தூசி. அடுக்குகிற அறை வீதிப் பக்கம் வேண்டாம், பின்பக்கம் இரட்டைக் கதவோடு இருக்கட்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் தம்பிக்கு நான் சொன்ன முடிவு ஈ.வி.ஏ போறணை. றோலரும் ஓட்டோகிளேவும் அவர் நிலையில் இப்போது தேவையில்லை. நாலு தட்டு, தட்டுக்கு 6 சதுர மீற்றர் என்று வைத்தால் ஒரு சுமைக்கு 24 சதுர மீற்றர், ஒரு நாளைக்கு இரண்டு சுமை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் வேலை பிடித்தாலும் தொடக்கத்தில் அதை நிரப்பவே கஷ்டப்படுவார். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று விரிந்து, நாளுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீற்றர் ஒரே அளவில் கேட்கிற காலம் வந்தால் அன்றைக்கு றோலரைப் பற்றிக் கதைப்போம். பி.வி.பி-தான் வேண்டும் என்று எழுத்தில் கேட்கிற பெரிய கட்டட வேலைகளை அதுவரை விட்டுவிட வேண்டும். பி.வி.பி-யையும் போறணையில் செய்யலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். படலம் முறுகக் காய்ந்திருந்தால் வரும், ஆனால் எங்கள் மாரியில் அதை நம்பி வாடிக்கையாளரிடம் காசு வாங்க நான் துணிய மாட்டேன்.

விலைத்தாளில் தட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு அவர் ஒதுக்கியிருந்த காசை இரண்டாவது பம்புக்கு மாற்றச் சொன்னேன். நாலு தட்டுக்கு ஒரே பம்ப் என்றால் ஒரு பையில் சின்ன ஓட்டை விழுந்தாலும் நாலும் பழுதாகும். தட்டுக்குத் தட்டு தனி வால்வும் தனி மானியும் இல்லாத மெசினை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம். வாங்க முதல் அவர்கள் முன்னாலேயே ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள்: வெறும் பையை மூடி, ஊசி மைனஸ் 0.95 பாருக்குக் கீழே போனதும் வால்வைப் பூட்டி, பம்பை நிறுத்தி, 10 நிமிடம் ஊசியைப் பாருங்கள். மெல்ல மெல்லப் பூச்சியத்தை நோக்கி ஏறினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பம்ப் ஓடாத அமைதியில் பையின் ஓரமாகக் காதை வைத்துக்கொண்டு போனால் "ஸ்ஸ்" என்று கேட்கும், பெரும்பாலும் மூலையில்தான்.

அடுக்கும்போது ஒரு விஷயம். கண்ணாடியை வெறுமனே பைக்குள் வைத்தால் ஓரத்தைப் பை கீழே இழுத்து வளைத்துவிடும், முக்கியமாக மூலைகளில். அந்த வளைவோடு படலம் இறுகிவிட்டால், வெளியே எடுத்த பிறகு கண்ணாடி நிமிரப் பார்க்கும், மாதக்கணக்கில் இழுத்து இழுத்து ஓரம் பிரியும். அதே கனத்தில் நாலு விரல் அகலக் கண்ணாடிக் கீலங்கள் வெட்டி, சுற்றிவரத் தொடுத்து வைத்தால் பை அந்தக் கீலத்தின் மேல் ஏறி இறங்கும், கண்ணாடியின் ஓரம் தட்டையாகவே இருக்கும். கீலத்துக்குக் காசு இல்லை, கடையின் மூலையில் கிடக்கிற வெட்டுத் துண்டுகள்தான்.

மெசின் ஆவணிக்குள் வந்துவிடும் என்றார். முதல் சுமையில் விற்கிற கண்ணாடி எதுவும் வேண்டாம், ஓரடிக்கு ஓரடித் துண்டுகள் மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன், லமினேற் முடிந்த பிறகு எந்த ஓரத்தையும் வெட்டாமல். அதில் இரண்டை முதலில் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கி, பிறகு பெரிய கிடாரத்தில் 2 மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஓரத்திலிருந்து 15 மில்லிமீற்றருக்கு உள்ளே ஒரு குமிழி கண்டாலும் அந்தச் சூட்டுக் கணக்கு பிழை. இன்னும் இரண்டை மேற்குப் பார்த்த கூரைத் தகட்டில் கட்டிவைத்து மாரி முடியும் வரை கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கிடாரத்தைத் தன் அம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.